நெஞ்சுக்குள் இருக்கும் கல்: மார்க்கத்தை மதிக்கும் உளவளத்துணை எமக்கு ஏன் தேவை?

"டீச்சர், நெஞ்சுக்குள்ள ஒரு கல்லு இரிக்கிற மாதிரி. இறங்குதும் இல்ல, வெளிய வருகுதும் இல்ல."

இப்படிச் சொன்னவர் ஒரு தாய். தன்னுடைய கவலையைச் சொல்ல அவர் வரவில்லை. ஏழாம் ஆண்டில் படிக்கும் மகன் பல மாதங்களாக வகுப்பில் ஒரு வரிகூட எழுதாமல் இருக்கிறான் என்று நான் ஆள் அனுப்பியதால் வந்தவர். கிழக்கில் ஒரு முஸ்லிம் பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியையாக நான் இருந்த காலம் அது. (அவர் யாரென்று தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

அவருடைய கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தவர். 2020ஆம் ஆண்டின் கடைசியில் கொவிட் தொற்றினால் மௌத்தானார். ஜனாஸா எரிக்கப்பட்டது. மனைவி முகம் பார்க்கவில்லை. குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை, ஊர் மையவாடியில் ஒரு பிடி மண் போடப்படவில்லை. தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு அவருக்கு இரவில் தூக்கமில்லை. நெஞ்சை அடைக்கும். வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்தார்கள். இருதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். கண்ணூறு என்று ஒருவர் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். செய்வினை என்று இன்னொருவர் கணிசமான பணம் வாங்கிப் போனார். மற்ற எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "சபூர் செய்யுங்க. அழுதா மையத்துக்கு வேதனை."

அவர் சபூர் செய்தார். அதாவது, அழவில்லை. பேசவில்லை. இத்தாவின் நான்கு மாதமும் பத்து நாளும் அறைக்குள் இருந்துவிட்டு வெளியே வந்தபோது அந்தக் கல் உள்ளே இறுகிப் போயிருந்தது.

இந்தக் கட்டுரை அந்தக் கல்லைப் பற்றியது. அது அந்தத் தாயின் நெஞ்சில் மட்டும் இருப்பதல்ல. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் சுஜூதில் இருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு போனது. 2014இல் அளுத்கம, 2018இல் திகன. 2019 ஏப்ரல் 21இன் பின்னர், செய்யாத குற்றத்துக்காகத் தலைகுனிந்து நடந்த மாதங்கள். பிறகு 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை எரிக்கப்பட்ட ஜனாஸாக்கள். ஒவ்வொன்றுக்கும் நிவாரணம் கேட்டோம், அறிக்கை விட்டோம், வழக்குத் தொடுத்தோம். அவையெல்லாம் தேவையானவையே. ஆனால் அந்த இரவுகளைக் கடந்து வந்த மனிதர்கள் அதன் பின் எப்படித் தூங்குகிறார்கள் என்று விசாரிக்க எமக்கு நேரம் கிடைக்கவில்லை.

உளவளத்துணை என்றால் புத்திமதி சொல்வது என்றே எம்மில் பலர் நினைக்கிறோம். அதனால்தான், "எனக்கு யாருடைய அட்வைஸும் வேண்டாம்" என்று பலர் அந்தப் பக்கமே போவதில்லை. உண்மையில் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் மிகக் குறைவாகவே பேசுவார். பாதிக்கப்பட்டவர் தன் கதையைத் தன் வேகத்தில், வெட்கமோ பயமோ இல்லாமல் சொல்வதற்கு ஒரு பாதுகாப்பான இடத்தை உண்டாக்குவதே அவருடைய முதல் வேலை. சொன்னது நாலு சுவருக்கு வெளியே போகாது என்பது இரண்டாவது. எந்த முடிவையும் எடுப்பவர் வந்தவர்தான், உளவளத்துணையாளர் அல்ல என்பது மூன்றாவது.

ஆனால் எல்லோராலும் பேச முடிவதில்லை. மிகப் பெரிய துயரம் முதலில் வார்த்தையைத்தான் பறிக்கிறது. கடுமையான அதிர்ச்சியைக் கண்டவருக்கு அந்த நிகழ்வு ஒழுங்கான கதையாக மனதில் பதிவதில்லை. ஒரு மணமாக, ஒரு சத்தமாக, வயிற்றில் ஒரு பிசைவாகத் துண்டு துண்டாகப் பதிகிறது. சுனாமியில் தப்பிய சிலருக்குப் பல வருடங்களுக்குப் பிறகும் அலைச் சத்தம் பலமாகக் கேட்டால் கால் தானாக ஓடப் பார்க்கும். என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்டுமில்ல" என்பார்கள். பொய் சொல்லவில்லை. சொல்வதற்கு வார்த்தை இல்லை. பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம். இப்படியானவர்களிடம், "மனசில உள்ளதச் செல்லுங்க" என்று கேட்டு முன்னால் உட்கார்ந்திருப்பதில் பயன் இல்லை. கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். களிமண், நிறம், நூல், எழுத்து, கதை, கவி, ஏதோ ஒன்று. கலைவழி உளவளத்துணை என்று சொல்வது இதைத்தான். அழகான ஓவியம் வரைவது அதன் நோக்கமல்ல. உள்ளே இருப்பதை வெளியே ஒரு பொருளாக எடுத்து வைத்தால், அதைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க முடியும், அதைப் பற்றிப் பேச முடியும்.

அந்தத் தாயிடம் நான் கேட்டது ஒரு கேள்விதான். "கையால என்ன வேல செய்வீங்க?"

"முந்தி உம்மாவோட பாய் இழைப்பேன். இப்ப இல்ல."

"திரும்பக் கொஞ்சம் இழைச்சுப் பாருங்களேன்."

இரண்டு கிழமைக்குப் பிறகு பாதி இழைத்த ஒரு பன்பாயைச் சுருட்டிக் கொண்டு வந்தார். எமது பகுதிப் பெண்கள் இழைக்கும் பாய்களில் சிவப்பும் பச்சையும் ஊதாவும் கலந்திருக்கும். இதில் ஒரு நிறமும் இல்லை. வெறும் பன்னின் வெளிறிய நிறம். "ஏன் சாயம் போடல்ல?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"ஜனாஸாவுக்கு எதுக்கு டீச்சர் சாயம்?" என்றார். பிறகுதான் அழத் தொடங்கினார். ஒரு வருடத்துக்கும் மேலாக அழாத அழுகை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

இங்கே ஒரு விடயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்கிருந்தது பாடசாலை மட்டத்திலான ஒரு பயிற்சி மட்டுமே. அந்த அழுகைக்கு அப்பால் அவரை அழைத்துச் செல்ல எனக்குத் தகுதி இல்லை என்று தெரிந்தது. அவரை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும், பின்னர் ஒரு பெண் உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் கூட்டிச் சென்றேன். கலை கதவைத் திறந்தது. உள்ளே போவதற்குத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. இன்று ஒரு நாள் செயலமர்வில் கலந்து சான்றிதழ் வாங்கியவர்களெல்லாம் உளவளத்துணையாளர் என்று பதாகை போடுவதைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. திறக்கத் தெரிந்து மூடத் தெரியாதவர்களால் வரும் சேதம் சிறியதல்ல.

சரி, இதில் மார்க்கம் எங்கே வருகிறது?

எமது மக்கள் இரண்டு வகையான காயங்களோடு வருகிறார்கள். ஒன்று நடந்த இழப்பு. மற்றையது அந்த இழப்பைப் பற்றி மார்க்கத்தின் பெயரால் அவர்களுக்குச் சொல்லப்பட்டவை. "ஈமான் பலமாக இருந்தால் மனச்சோர்வு வராது." "அழுவது அல்லாஹ்வின் களாவைப் பொருந்திக்கொள்ளாதது." இந்த இரண்டாவது காயத்தைத் தொடாமல் முதலாவதை ஆற்ற முடியாது. அதைத் தொடுவதற்கு மார்க்கம் தெரிந்திருக்க வேண்டும்.

ஸூரா யூஸுபை ஓதாத வீடு எம்மிடம் இல்லை. மகனை இழந்த நபி யஃகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையைப் பற்றிப் பேசுகிறார்கள். அதே ஸூராவில் அதே நபி, கவலையினால் கண்கள் வெளுத்துப் போகும் அளவுக்குத் துயரப்படுகிறார்கள். தன் துக்கத்தை அல்லாஹ்விடம் முறையிடுவதாகச் சொல்கிறார்கள். பொறுமையும் கண்ணீரும் ஒரே நெஞ்சில் ஒன்றாக இருந்தன. எம்முடைய பொருமானார் (ஸல்) அவர்கள் தமது குழந்தை இப்ராஹீம் மரணித்தபோது அழுதார்கள். அதைப் பார்த்து அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) ஆச்சரியத்தோடு கேட்டபோது, அது இரக்கம் என்று விளக்கினார்கள். கண் கண்ணீர் சிந்தும், உள்ளம் கவலைப்படும், ஆனால் நாவு இறைவனுக்குப் பொருத்தமில்லாததைச் சொல்லாது என்ற கருத்தில் கூறியதை ஸஹீஹுல் புஹாரி பதிவு செய்திருக்கிறது. தடுக்கப்பட்டது ஒப்பாரி, ஆடையைக் கிழிப்பதும் கன்னத்தில் அறைவதும். அழுதால் மையத்துக்கு வேதனை என்று வரும் ஹதீஸையும் அறிஞர்கள் அந்த ஒப்பாரியோடு சேர்த்தே விளக்கியுள்ளார்கள். எமது ஊர்களில் யாரோ இந்தக் கோட்டை அழித்துவிட்டு, கண்ணீரையே தடைசெய்து வைத்திருக்கிறார்கள்.

மார்க்கம் தெரிந்த உளவளத்துணையாளர் இதையெல்லாம் பயானாகச் செய்ய மாட்டார். வந்தவர், "நான் அழுததால அவருக்கு வேதனையா?" என்று நடுங்கிக்கொண்டு கேட்கும் நேரத்தில் அந்தக் கேள்வியின் கனம் அவருக்குப் புரியும். தனக்குப் பதில் தெரியாவிட்டால், நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் கேட்டுச் சொல்வார். மார்க்கத்தைத் தெரியாத ஒருவர் அந்தக் கேள்வியை ஒரு மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக்கூடும். தள்ளியதோடு அந்தப் பெண் அடுத்த முறை வர மாட்டார்.

மறுபக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். எந்தக் கவலைக்கும் ஒரு திக்ரை எழுதிக் கொடுத்து அனுப்புவதற்கு மார்க்கம் சார்ந்த உளவளத்துணை என்று பெயர் வைப்பது. தஹஜ்ஜுத் தொழுதும் குர்ஆன் ஓதியும் மனம் ஆறாமல், அதனாலேயே தன் ஈமானைச் சந்தேகிக்கும் ஒருவரிடம் இன்னும் கொஞ்சம் ஓதச் சொல்வது, காலில் முறிவு உள்ளவரை இன்னும் கொஞ்சம் நடக்கச் சொல்வதைப் போன்றது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபிகளார் (ஸல்) அவர்கள் கூறியதை வியாபாரத்திலும் பயணத்திலும் நினைவில் வைக்கும் நாம், உள்ளத்தின் விடயத்தில் மட்டும் கயிற்றை மறந்துவிடுகிறோம்.

உள்ளத்துக்கு வைத்தியம் என்பது மேற்கில் இருந்து வந்த விடயம் என்று சொல்பவர்களுக்கு அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) அவர்களை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பகுதியில் பிறந்து 934இல் மரணித்த அறிஞர். உடல்களினதும் உள்ளங்களினதும் நலன்கள் என்ற பொருள்படும் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற அவருடைய நூலின் இரண்டாம் பகுதி முழுவதும் உள்ளத்தைப் பற்றியது. கோபம், பயம், கவலை, வஸ்வாஸ் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் வழி சொல்கிறார். கவலையை இரண்டாக வகுக்கிறார்: ஓர் இழப்பினால் வருவது, காரணமே தெரியாமல் வருவது. பின்னதன் வேர் உடலில் இருக்கலாம், அதற்கு உடல் வைத்தியமும் வேண்டும் என்கிறார். ஆயிரம் வருடங்களுக்கு முன்! வீட்டில் முதலுதவிக்கு மருந்து வைத்திருப்பது போல, மனம் அமைதியாக இருக்கும் நாட்களில் நல்ல சிந்தனைகளைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும், நெருக்கடியில் எடுத்துப் பாவிக்கலாம் என்பது அவருடைய யோசனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த நூலின் உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்தவர் சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி. மேற்கத்திய உளவியலைக் கேள்வி கேட்காமல் விழுங்கும் முஸ்லிம் உளவியலாளர்களை 1979இல் ஒரு நூலே எழுதிக் கண்டித்தவர் அவர். அதேநேரம் மேற்கின் நடத்தைச் சிகிச்சை முறைகளைத் தானே பயன்படுத்தியவரும் அவர்தான். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்திருந்தது.

துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸித் 1488இல் கட்டி முடித்த வைத்தியசாலையில் உளநோயாளருக்கு நீரோடும் சத்தமும் இசையும் நறுமணமும் சிகிச்சையாகக் கொடுக்கப்பட்டன. இன்று அது ஒரு நூதனசாலை.

இனி நடைமுறைக்கு வருவோம். கலைவழி முறைகள் பலவற்றில் எமது பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தியதாக நான் கண்டது 'வாழ்க்கை மரம்' என்ற பயிற்சி. தென்னாபிரிக்கப் பிராந்தியத்தில் எச்ஐவி எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த சிறுவர்களுக்காக நிகாஸெலோ இன்கியூபே என்ற உளவியலாளரும் அவுஸ்திரேலியாவின் டேவிட் டென்பரோவும் உருவாக்கியது. பிள்ளை ஒரு மரத்தை வரைகிறது. வேரில் எங்கிருந்து வந்தேன் என்று எழுத வேண்டும்: ஊர், மூத்தவாப்பா, உம்மும்மா, வீட்டில் சொல்லப்படும் கதைகள். நிலத்தில், இப்போது ஒவ்வொரு நாளும் செய்வது. தண்டில், தனக்குத் தெரிந்த திறமைகள். கிளைகளில் ஆசைகள். இலைகளில் தனக்கு முக்கியமான மனிதர்கள். பழங்களில் பிறரிடமிருந்து கிடைத்த நல்லவை. பிள்ளைகளின் மரங்களை ஒன்றாகச் சுவரில் ஒட்டினால் அது ஒரு காடு. அதற்குப் பிறகுதான் புயலைப் பற்றிப் பேச்சு வரும். இந்த ஒழுங்கில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது. முதலில் துயரத்தைக் கேட்டால் பிள்ளை அதற்குள் விழுந்துவிடும். முதலில் வேரையும் தண்டையும் வரைந்துவிட்டால், புயலைப் பார்ப்பதற்கு நிற்க ஓர் இடம் கிடைக்கிறது.

நல்ல வார்த்தையை, வேர் உறுதியாக நின்று கிளை வானளாவும் நல்ல மரத்துக்கு அல்குர்ஆன் ஒப்பிடுவது ஸூரா இப்ராஹீம் ஓதிய பிள்ளைகளுக்குத் தெரியும். மரத்தை வரைவதில் உயிருள்ளவற்றை வரைதல் என்ற சிக்கலும் இல்லை. அந்தத் தாயின் மகன் இலைகளுக்கு வந்ததும் பென்சிலை வைத்துவிட்டான். "டீச்சர், மௌத்தானவங்களயும் எழுதலாமா?" எழுதலாம். இந்தப் பயிற்சியில் மரணித்தவர்களுக்கும் இலையில் இடமுண்டு. வாப்பா என்று எழுதினான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் எழுதிய முதலாவது சொல் அது. "வாப்பாவோட என்ன செய்வாய்?" என்று கேட்டதற்கு, கொழும்பிலிருந்து வரும்போது கொண்டு வரும் மஸ்கட்டைப் பற்றி நிறையச் சொன்னான்.

எழுதுவதைப் பற்றி ஒரு குறிப்பு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தம்மைப் பாதித்த நிகழ்வொன்றைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதனால் ஏற்பட்ட உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் பிந்திய மாதங்களில் வைத்தியரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுக்குக் கவலை கூடியிருந்தது. இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். பலர் முதல் நாள் எழுதிவிட்டு, "முந்தினதையும் விட மோசம்" என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். சிலருக்கு நிறுத்துவதே சரியாகவும் இருக்கலாம். அதனால்தான் பக்கத்தில் ஒரு தெரிந்தவர் இருக்க வேண்டும் என்கிறேன்.

எமது சொந்த முற்றத்திலும் நிறைய இருக்கிறது. கிழக்கு முஸ்லிம் பெண்களின் வாய்மொழிக் கவிகள், தாலாட்டு, மருதமுனைத் தறிகள், பாய், பின்னல், மருதோன்றி. எமது உம்மும்மாமார் தமது ஏக்கத்தைக் கவியாகப் பாடியே வாழ்ந்திருக்கிறார்கள். யாரும் அதை உளவளத்துணை என்று சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்களின் மரணத்துக்கு ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரழி) இரங்கற்பா பாடினார். தன் சகோதரன் ஸக்ருக்காக அல்கன்ஸா (ரழி) பாடியவை அரபு இலக்கியத்தில் இன்றும் முன்வரிசையில் நிற்கின்றன.

படம் வரைவதும் இசையும் கூடுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. இவற்றில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. அந்த வேறுபாட்டை உளவளத்துணையாளர் தீர்க்கத் தேவையில்லை. வந்தவரின் மனம் எதில் நிம்மதியாக இருக்கிறதோ அதை எடுத்தால் போதும். ஒருவருக்கு அரபு எழுத்தணி, இன்னொருவருக்குக் கோலமும் நிறமும், இன்னொருவருக்குத் தோட்டம். சின்னப் பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடுவதைத் தடுக்கும் பெற்றோருக்கு ஆயிஷா (ரழி) அவர்களிடம் பொம்மைகளும் சிறகுள்ள ஒரு குதிரையும் இருந்ததை நினைவூட்டலாம். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண், கதவு கொஞ்சம் திறந்த அறை, தொழுகை நேரத்துக்கு இடைவெளி என்பவை எல்லாம் சின்ன ஏற்பாடுகள்தான். ஆனால் அவை இல்லாவிட்டால் எமது பெண்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். இத்தாவில் இருப்பவரின் வீட்டுக்கு ஒரு பெண் உளவளத்துணையாளர் போய் வரலாம். அனர்த்தங்களின்போது உளநலப் பணி செய்பவர்கள் மக்களின் நம்பிக்கையைக் கவனத்தில் எடுப்பது எப்படி என்று இஸ்லாமிக் ரிலீப் அமைப்பும் லூத்தரன் உலக சம்மேளனமும் சேர்ந்து 2018இல் ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருக்கின்றன. இது எமக்கு மட்டுமான சலுகையல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

மட்டக்களப்பில் 1996இல் ஆரம்பிக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா நினைவுக்கு வருகிறது. கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும், இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் முன்னின்று உருவாக்கியது. யுத்தத்தின் நடுவில் தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வந்து களிமண், நிறம், கதை, நாடகம், மிருகங்கள் என்று விளையாட விட்டார்கள். எமது ஊர்களில் மினாராக்கள் உயர்ந்த அளவுக்கு இப்படியான முற்றங்கள் பெருகவில்லை என்று எழுத எனக்குக் கை கூசவில்லை.

அதேபோல் 2020 டிசம்பரில், 20 நாள் சிசுவின் ஜனாஸா பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்ட பிறகு, பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, ஏனைய மதத்தவர்களும் வந்து கட்டினார்கள். அது ஓர் எதிர்ப்பு. ஆனால் கபனிட முடியாத ஒரு சமூகத்தின் கைகள் செய்த ஒரு காரியமாகவும் நான் அதைப் பார்க்கிறேன். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நான் சொன்ன தாயிடம் அதைக் காட்டியபோது வாசித்துவிட்டு மடித்துத் தந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு கண்டிப்பான வார்த்தை. பாயும் மரமும் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. வாழ விருப்பமில்லை என்ற பேச்சு, காதில் குரல் கேட்பது, பல நாட்கள் சாப்பாடும் தூக்கமும் இல்லாமை, பிள்ளை பெற்ற தாய் குழந்தையைத் தொட மறுப்பது போன்றவற்றைக் கண்டால் தாமதமின்றி வைத்தியரிடம் செல்ல வேண்டும். வைத்தியர் தரும் மாத்திரை ஈமானைக் குறைக்காது. நீரிழிவுக்கு எடுக்கும் மாத்திரை குறைக்கிறதா? குர்ஆன் ஓதிப் பார்ப்பதை எந்த வைத்தியரும் தடுக்க மாட்டார். மாத்திரையை நிறுத்தச் சொல்லிப் பணம் கேட்பவரிடமிருந்து மட்டும் எழும்பி வந்துவிடுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். 1333 இலக்கத்திலும் உளவளத்துணை இலவசமாகக் கிடைக்கும். பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பெண் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டு விட்டுப் போகலாம்.

எமது ஊர்களில் பெரிய தடை பணமல்ல, இரகசியம். உளநலப் பிரிவுக்கு முன்னால் நின்றதை யாராவது கண்டால், மகளுக்கு வந்த கலியாணப் பேச்சு நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வீணானதல்ல. அப்படி நின்ற பேச்சுகளை நான் அறிவேன். இங்கேதான் பள்ளிவாசல் நிர்வாகங்களால் ஒரு காரியம் செய்ய முடியும். குத்பாவில் வருடத்துக்கு ஒரு தடவையாவது உளநோயும் நோய்தான் என்று சொல்லலாம். குர்ஆன் மத்ரஸாக் கட்டடத்தில் பின்னேரங்களில் வெறுமையாகக் கிடக்கும் ஓர் அறையைப் பெண்களின் தையல், பாய் வகுப்புக்கென ஒதுக்கி, மாதம் இரு முறை பயிற்சி பெற்ற ஒரு சகோதரியை அங்கே இருக்கச் செய்யலாம். தையல் பழகப் போகிறேன் என்று எந்தப் பெண்ணும் வீட்டில் சொல்லிவிட்டு வரலாம். ஏன் வந்தார் என்பது அவருக்கும் அந்தச் சகோதரிக்கும் தெரிந்தால் போதும். அத்தோடு, பிரதேச செயலக உத்தியோகத்தருக்கு ஆலிமைத் தெரிந்திருக்க வேண்டும், ஆலிமுக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருடைய தொலைபேசி இலக்கம் மற்றவரிடம் இருந்தாலே பாதி வேலை நடந்துவிடும்.

அந்தத் தாய் இன்னும் சில இரவுகளில் தூங்குவதில்லை. மாத்திரையின் அளவு குறைந்திருக்கிறது, முற்றாக நிற்கவில்லை. நிறமில்லாத அந்தப் பாய் அலுமாரிக்கு மேல் சுருட்டியபடி இருக்கிறது; யாரும் அதை விரிப்பதில்லை. சென்ற ரமழானுக்கு முன் அவரிடம் ஒரு பாய் வாங்கப் போயிருந்தேன். முற்றத்தில் சாயம் போட்ட பன் காய்ந்துகொண்டிருந்தது, சிவப்பும் பச்சையும். பழகிய முகம் என்பதற்காக விலையில் ஐம்பது ரூபாகூடக் குறைக்கவில்லை.